வாய் உட்காரும் இடம்

ஜூன் 20

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் ரேடியோ எழுதுவது. நலம் என்று எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். இந்த மாற்றலில் அப்பாவுக்கு மட்டும்தான் சந்தோஷம். பாதி அட்டைப்பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. போனைக் கேட்டால் அம்மா, "எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு போன் எதுக்கு? லெட்டர் போடு" என்கிறாள். போட்டுவிட்டேன்.

இங்கே இங்கிலீஷ் வகுப்பில் சாரே பாடத்தைப் படிப்பார், சாரே பதிலையும் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நம் மிஸ் மாதிரி பெஞ்சுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்து, ஒருத்தி வாய், ஒருத்தி காது என்று பிரிப்பதெல்லாம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் சத்தமாகப் படிப்பேன், நீ கேட்டு நோட்டில் எழுதுவாய். "இதுங்க ரெண்டும் சேர்ந்துதான் ஒரு ஆளு" என்று மிஸ் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே எல்லோரும் வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிறவர்கள். நான் வாயைத் திறப்பதே இல்லை. ரேடியோ ரிப்பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாள்? ஜன்னல் பக்கம் வெளிச்சம் விழும் என்றுதான் மிஸ் அதை வாய்க்குக் கொடுத்தார். கண்டவளையும் அங்கே உட்கார விட்டிருந்தால் உன்னோடு டூ. மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
ரேடியோ

ஜூலை 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு உன்னைப் போல நீட்டி முழக்க வராது, கோபித்துக்கொள்ளாதே.

மிஸ் என்னோடு டாக்டர் பொண்ணைச் சேர்த்திருக்கிறார். அவள் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள், படித்தால் எச்சில் தெறிக்கிறது. அதனால் இப்போது நான்தான் வாய். முதல் நாள் ஒரே பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். மிஸ் கொடுத்த புதுப் புத்தகத்தில், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு மகள்கள். தங்கை டவுனுக்குப் படிக்கப் போகிறாள். அக்காவோடு விளக்கேற்ற ஒரு புதுப்பெண்ணை வைக்கிறார்கள். அதுதான் கதை. பாதி வரை வந்துவிட்டோம். டாக்டர் பொண்ணு நல்லவள்தான், அவளுடைய நீலப் பேனாவை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
ஊமைக்கோட்டான்

ஜூலை 11

அன்புள்ள (அப்படித்தான் இருக்கிறாயா?) ஊமைக்கோட்டானுக்கு,

நீ வாயா! மிஸ் கேள்வி கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ. இப்போது சத்தமாகப் படிக்கிறாய், நான் இல்லாமலே.

எனக்கு வயிறு எரிகிறது. சொல்லிவிட்டேன். நீ திக்கினால் அவள் சிரிக்கிறாளா? சிரித்தால் அவள் மேல் கோபம். சிரிக்கவில்லை என்றால் இன்னும் கோபம், ஏனென்றால் அப்போது அவள் நல்லவள் ஆகிவிடுவாள். நீ மோசமாகப் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்புறம் உனக்கு மார்க் குறையுமே என்று பயந்து அந்த வேண்டுதலை வாபஸ் வாங்குகிறேன். மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். என் டப்பாவில் கைவிட்டுத் திருட ஆளில்லாமல் சாப்பாடு மிஞ்சிப் போகிறது. போன கடிதம் நீல மையில் இருந்தது. அவளுடைய பேனாவால் எனக்கு எழுதாதே.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. என் இடத்தில் யார்?

ரேடியோ

ஜூலை 29

என் அன்பு ரேடியோவுக்கு,

ஒரு நல்ல சேதி! அந்தக் கதையில் டவுனுக்குப் போன தங்கை அக்காவுக்கு எழுதும் கடிதத்தையும் அக்காவின் பதிலையும் இங்கிலீஷில் எழுதி வரச் சொன்னார் மிஸ். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கை சொல்வதாக அப்படியே எழுதிவிட்டேன். சிரித்தால் கோபம், சிரிக்காவிட்டால் இன்னும் கோபம், வாபஸ் வாங்கிய வேண்டுதல், எல்லாமே. அக்காவின் பதில் மட்டும் நானாக எழுதியது.

மிஸ் வகுப்பில் படித்துக் காட்டினார். டாக்டர் பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொறாமைய இவ்ளோ அழகா எப்படிடி எழுதின?" என்று மிஸ் கேட்டார். இப்போது அது வராந்தாவில் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்னுடையது மட்டும்!

நீ சொன்னாய், நான் கேட்டு எழுதினேன், எப்போதும் போல. உனக்கும் சந்தோஷம்தானே?

உன்,
ஊமைக்கோட்டான்

ஆகஸ்ட் 6

டாக்டர் பொண்ணின் தோழிக்கு,

என் கடிதம் பாடப் புத்தகம் இல்லை, நீ கேட்டு எழுத. வெளியே சொன்னால் அசிங்கம் என்று உனக்கு மட்டும் எழுதினேன். அதைக் குண்டூசி குத்தித் தொங்க விட்டிருக்கிறாய். போகிறவள் வருகிறவள் எல்லாம் என் வயிற்றெரிச்சலைப் படிக்கிறாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்! யாரைப் பற்றி எழுதியது என்று தெரிந்தால் துடைத்திருப்பாளா?

இன்னொன்றும் சொல்கிறேன். அதை இங்கிலீஷில் எழுத என்னால் முடிந்திருக்காது. உன்னால் முடிந்திருக்கிறது. அதற்கும் எரிகிறது.

இனிமேல் எழுதாதே.

ஆகஸ்ட் 17

அன்புள்ள ரேடியோவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், மன்னித்துக்கொள்.

தாளைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். தங்கையின் கடிதம் என்னுடையது இல்லை என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். மிஸ் திட்டவில்லை. "அவகிட்ட கேட்டியா?" என்று மட்டும்தான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

இதோடு வைத்திருப்பது அந்தத் தாள்தான். நகல் கிடையாது. முன்பக்கம் உன்னுடையது, கிழித்துப் போட்டுவிடு. பின்பக்கம் அக்காவின் பதில். அதை மட்டும் படி. உன் இடத்தில் யார் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்குத் தமிழில் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரியவள் இப்படியா செய்வாள் என்று சிரிப்பாய். இங்கிலீஷில் என்றால் அக்கா சொல்கிற மாதிரி சொல்லிவிடலாம்.

இது என் பழைய பேனா. கசிகிறது, பொறுத்துக்கொள்.

ஊமைக்கோட்டான்

செப்டம்பர் 1

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

பின்பக்கத்தைப் படித்தேன். விளக்குக்குப் பக்கத்திலுள்ள முக்காலியில் அக்கா யாரையும் உட்கார விடுவதில்லை, தன் பச்சைப் போர்வையைப் போட்டு வைத்திருக்கிறாள், புதுப்பெண் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அது போர்வை இல்லை, உன் பச்சைப் பை. முக்காலி இல்லை, என் இடம். அப்படியென்றால் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து டாக்டர் பொண்ணு பெஞ்சு ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாள்? பாவம். அவளைப் பாவம் என்று எழுதுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

முன்பக்கத்தைக் கிழிக்கவில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "உன் சத்தத்தக் கேட்டு எவ்ளோ நாளாச்சு! யாரு எழுதினது?" என்று கேட்டாள். "நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.

ஒன்று சொல்கிறேன், சண்டை போடாமல் கேள். நடுவில் உட்கார்ந்து படித்தால் வெளிச்சம் போதாது. மழை மூட்டம் போட்டால் எழுத்தே தெரியாது. பையை எடுத்துக் கீழே வை. ஜன்னல் பக்கம் நீ நகர்ந்து உட்கார். அவள் பெஞ்சில் ஒழுங்காக உட்காரட்டும். எழுதும்போதே எனக்கு எரிகிறது. இருந்தாலும் உட்கார். அது வாய் உட்காரும் இடம்.

உட்கார்ந்து என்ன படித்தாய் என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. நீலப் பேனாவால் எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் காது