குட்டான் எடுத்த படங்கள்

மார்ச் 3, திங்கள்

அப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க் கடக் கடக்கென்று சத்தம் போடுகிறது. என் வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு மாசம் தாங்கினா பெரிய விஷயம்" என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் ஆயுள் கணித்துவிடுவார்.

உள்ளே 31,640 படங்கள். எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றி, ஒழுங்காகப் பட்டியல் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நூலகத்தில் பதினொரு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். அப்பாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். டிசம்பரில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எங்கள் பின்னறையில்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அதனால் கூட்டிவந்தேன். சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் தாண்டி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காரணம் புதிது இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நீர்த்தேக்கக் கரையில், ஐந்து வயதுத் தம்பியைப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனவர் அவர்.

மார்ச் 5, புதன்

இன்று 1,200 படங்கள். அதில் நானூறு, மொட்டை மாடித் தக்காளிச் செடி. பதினான்கு படங்களில் ஒரே தக்காளி, பதினான்கும் மங்கல். மனுஷன் ஒன்றையாவது அழித்திருக்க வேண்டுமே!

மார்ச் 8, சனி

பட்டியலில் நான்கு கட்டங்கள்: தேதி, இடம், படத்தில் இருப்பவர், எடுத்தவர். கடைசிக் கட்டம் எதற்கு என்று இவர் கேட்டார். புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் வேண்டாமா என்றேன். "அம்மாடி, வீட்டுப் போட்டோவுக்குமா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சித்தியின் படங்களும் நடுநடுவே கலந்திருக்கின்றன. அவளுடைய கேமராவின் கடிகாரம் முக்கால் மணி முந்தி ஓடியிருக்கிறது. நேரப்படி அடுக்கினால் சித்தப்பா தட்டைக் காலி பண்ணுகிறார், அடுத்த படத்தில் தட்டு நிறைந்திருக்கிறது, மறுபடி காலி. அப்படியும் சாப்பிடக்கூடியவர்தான் என்பதால் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மென்பொருள் முகங்களைத் தானே சேர்க்கிறது. சந்தேகம் வந்தால் இரண்டு முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இருவரும் ஒருவரா?" என்று கேட்கும். இன்று மத்தியானம் கேட்டது. இடது பக்கம் என் தம்பி குட்டான். வலது பக்கம் என் மகள் வாலு, போன மாதம் முன்பல் விழுந்தபோது எடுத்தது.

இல்லை என்று அழுத்தினேன். நூறு படம் தள்ளி மறுபடி கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அந்த நாளின் கோப்புறைக்கு வந்துவிட்டேன். அப்பா மற்றக் கோப்புறைகளுக்கெல்லாம் நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார். இதற்குத் தேதி மட்டும்.

பதினெட்டுப் படங்கள். கடைசி ஏழும் எங்கள் குடும்பத்தில் 'குட்டான் எடுத்த படங்கள்'. அப்பா தூங்கியதும் அவன் கேமராவை எடுத்து விளையாடியிருக்கிறான். வாயைத் திறந்து தூங்கும் அப்பா. டிபன் டப்பாமேல் எறும்பு. சாய்ந்துபோன மரம். வெயிலில் ஒரு நிழல். கடைசியில், வெறும் தண்ணீர். அதன் மூலையில் விரல் நுனி ஒன்று மங்கலாக விழுந்திருக்கிறது.

அந்தத் தண்ணீர்ப் படம் அம்மா வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அன்று அம்மா மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தாள். அங்கேயே போன் வந்தது. இரண்டு வருஷம் அப்பாவோடு ஒரே வீட்டில் பேசாமல் இருந்துவிட்டு, மாமா வீட்டு மாடிக்குப் போனவள் திரும்பவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடிமேல் அந்த விரலைத் தொடுவாள். "அவன் விரல்" என்பாள். அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி தேய்ந்து பளபளக்கும்.

எடுத்தவர்: குட்டான். ஏழு தடவை தட்டச்சு செய்தேன். பிறகு கணினியை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 12, புதன்

கேமரா தானாகப் போடும் எண்களைச் சரிபார்த்தேன். தண்ணீர்ப் படம் 0228. அதற்கப்புறம் எட்டு மாதம் கழித்து, எதற்கோ எடுத்த மின்சார மீட்டர் படம். அது 0230.

0229 எங்கே?

மார்ச் 13, வியாழன்

மாத்திரை கொடுக்கும்போது கேட்டேன். "அழிச்சிருப்பேன். மங்கலா இருந்திருக்கும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. பதினான்கு மங்கல் தக்காளியை வைத்திருக்கிற மனுஷன்!

மார்ச் 15, சனி

'படத்தில் இருப்பவர்' கட்டத்தை நிரப்புவதற்காக நிழல் படத்தைப் பெரிதாக்கினேன். படம் எடுத்தவன் நிழல்தானே, 'குட்டான்' என்று போட்டுவிட்டு நகரலாம் என்றுதான்.

காதுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் புடைப்பு. ரிப்பன் முடிச்சு. ரெட்டைச் சடை.

அவனுக்கு ஏது சடை?

நான் அங்கே இல்லை. நான் சித்தியோடு காரில் பிஸ்கட் வாங்கப் போயிருந்தேன். எல்லாருக்கும் தெரியும். எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடையில் சிவப்பு மூடி போட்ட கண்ணாடி ஜாடி. திரும்பி வந்தபோது கரையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அங்க இல்ல. இல்லவே இல்ல.

மார்ச் 16, ஞாயிறு

சித்திக்குப் போன் செய்து, அன்றைக்கு அவள் கேமராவில் எடுத்தது எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னேன்.

"அதெல்லாம் எங்கடி இருக்கப்போகுது."

"தேடிப் பாரு சித்தி."

"எதுக்கு இப்ப அதைப் போய்க் கிளறுற? அப்பா ஏதாவது சொன்னாரா?"

அவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சித்தி போனை வைத்துவிட்டாள். மதியம் மூன்றுக்கு, ஒரு வார்த்தைகூட எழுதாமல், படங்கள் மட்டும் வந்தன.

கடையில் எடுத்தவை மூன்று. சித்தி. சித்தப்பா. அவர் கைக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட ஜாடி.

நான் எதிலும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

அந்த ஜாடி எனக்கு ஞாபகம் இல்லை. ஜாடியின் படம்தான் ஞாபகம். சின்ன வயதில் சித்தி வீட்டு ஆல்பத்தில் எத்தனை தடவை பார்த்தேனோ!

மார்ச் 18, செவ்வாய்

லீவு போட்டேன். இவர் வேலைக்கும் வாலு பள்ளிக்கும் போனபிறகு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நிழல் படத்தை அப்பா மடியில் வைத்தேன்.

"இது யாருப்பா?"

அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் கழிச்சா?" என்றார்.

பிறகு சொன்னார். நிறுத்தி நிறுத்தி, நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து.

"முந்தின நாள் ராத்திரி முழுக்க வேலை. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷின் ஒண்ணு மக்கர் பண்ணிடுச்சு, நான்தான் சரிபண்ணணும். கண்ணைச் சொருகிட்டு வந்துச்சு. உன் கையில கேமராவைக் கொடுத்து, தம்பியைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் படுத்தேன். சித்தி கார் ஹாரன் சத்தத்துலதான் முழிச்சேன். நீ ஒரே இடத்துல நின்னுட்டு இருந்த. கேமராவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. கூப்பிட்டேன், நீ திரும்பல."

"நான் ஏன் உங்களை எழுப்பல?"

"தெரியல."

"ஏன்ப்பா எழுப்பல?"

"பதினோரு வயசுப் புள்ளைம்மா நீ. பயந்து உறைஞ்சு போயிட்ட. நான்தான் சித்திகிட்ட சொன்னேன், இவ உன்கூட வந்திருந்தான்னு சொல்லிடுன்னு. ரெண்டு மாசம் நீ வாயே திறக்கல. அப்புறம் பேசினப்போ, கடைக்குப் போனதா நீயே சொன்ன. அப்படியே விட்டுட்டேன்."

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அம்மா உங்களை விட்டுப் போனாளே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே, என் கல்யாணத்துல உங்களைக் கடைசி வரிசையில உக்கார வெச்சேனே என்று என்னென்னவோ. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தூங்கினது நான்தானே. அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார்.

பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பழைய மருந்து டப்பாவை எடுத்தார். உள்ளே கேமராவின் மெமரி கார்டு, அதில் 0229. டிஸ்க்கில் இதை மட்டும் ஏற்றவில்லையாம். அவன் இருக்கிற கடைசிப் படம், அழிக்க மனசு வரவில்லை. வெளியே காட்டினால் எடுத்தது யார் என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் தலைக்கடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மார்ச் 19, புதன்

பார்த்தேன்.

அவன் தண்ணீருக்குள், மார்பு வரை. தூரத்தில், மிகச் சின்னதாக. ஒரு கையைத் தூக்கியிருக்கிறான். என் பக்கம் திரும்பியிருக்கிறான். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது.

0228-க்கும் இதற்கும் நாற்பத்திரண்டு வினாடி. இதில் மணி 3:41. அப்பா கணக்குப்படி சித்தியின் கார் வந்தது நான்கு மணிக்கு. நடுவில் பத்தொன்பது நிமிஷம்.

அந்தப் பத்தொன்பது நிமிஷமும் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடினால் ஜாடிதான் வருகிறது. அவன் கூப்பிட்டானா? நான் சிரித்தேனா? விளையாடுகிறான் என்று நினைத்தேனா? என் தலைக்குள் இருக்கிறதை நான் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. ஊரில் உள்ள புத்தகத்தையெல்லாம் சரிபார்க்கிறேன்.

சாயங்காலம் வாலு பக்கெட்டில் பொம்மையை முக்கி விளையாடினாள். கண்கொத்திப் பாம்பு மாதிரி வாசலிலேயே நின்றேன். "ஏம்மா என்னையே பாத்துட்டு இருக்க?" என்று கேட்டாள். சும்மா என்றேன். "வேற எங்கயாவது பாரு" என்றாள்.

மாட்டேன்.

மார்ச் 22, சனி

அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அவகிட்ட இருக்கறதே அந்த விரல் ஒண்ணுதான். அதையும் பிடுங்கப் போறியா?"

"அது என் விரல்ப்பா."

"அவளுக்கு அது அவன் விரல். இருந்துட்டுப் போகட்டுமே. நான் இன்னும் எத்தனை நாள்? என்னோட முடிஞ்சுடும்."

முடியாது. அவரோடு முடிந்தால் எனக்கு எப்போது முடியும்? சொன்னால் அம்மா என்னைப் பார்ப்பாளா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இந்த வரியையே இரண்டு தடவை அடித்து எழுதுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பஸ்ஸில் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிழல், கடை, கார்டு, அப்பா சொன்னது. எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பஸ் ஏறித் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

அம்மா எழுந்து சுவரருகே போனாள். சட்டத்தைக் கழற்றாமல் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள்.

"அப்ப இது உன் விரல்."

"ஆமாம்மா."

போனில் 0229-ஐ எடுத்து நீட்டினேன். கையால் தள்ளிவிட்டாள். "வேண்டாம். நீ கிளம்பு" என்றாள். மாமாதான் பஸ் நிறுத்தம்வரை வந்தார். வழியெல்லாம் அவர் பேசியது பஸ் நேரத்தைப் பற்றி மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

மார்ச் 27, வியாழன்

அம்மா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 2, புதன்

பத்து நாள். ஹார்ட் டிஸ்க் இன்று நின்றேபோனது. எல்லாவற்றையும் போன வாரமே மாற்றிவிட்டேன், ஒன்றும் போகவில்லை. இவருக்குத்தான் தன் ஜோசியம் பலித்ததில் பெருமை. நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடமும் இன்றுதான் முழுவதும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

அப்பாவுக்கு இப்போதெல்லாம் சாப்பாட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோவதில்லை. எங்களோடு மேஜைக்கு வருகிறார். வாக்கரோடு வந்து உட்கார கால் மணி ஆகிறது. ஆகட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்தப் படத்துல அவன் அழறானா?"

அழவில்லை, சிரிக்கிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவளுக்கு அது எவ்வளவு ஆறுதல்! ஆனால் இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் காப்பாற்றச் சொன்ன பொய் போதும்.

"தெரியலம்மா. தூரத்துல இருக்கான். முகம் சரியா விழல. கையைத் தூக்கியிருக்கான். என் பக்கம் திரும்பியிருக்கான்."

"உன்னைப் பாத்துட்டா இருந்தான்?"

"ஆமாம்மா."

"நீயும் அவனைப் பாத்துட்டு இருந்த."

"ஆமா."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. தெருவில் யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

"நான் இத்தனை வருஷமா, அவன் திரும்பிப் பாத்தப்போ அங்க ஒருத்தருமே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்டி. அதுதான் என்னால தாங்க முடியல. தண்ணி இல்ல, செத்தது இல்ல. கூப்பிட்டுப் பாத்து யாரும் இல்லாம போயிருப்பான்னு. தினமும் அதுதான்" என்றாள். பிறகு, "அதை அனுப்பு. நான் பாக்கணும்" என்றாள்.

அனுப்பினேன். பார்த்தாள் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் வந்தது. இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன், யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அந்தப் பத்தொன்பது நிமிஷம் இன்னும் இருக்கிறது. அதை அம்மாவாலும் எடுத்துக்கொள்ள முடியாது. அவளும் முயலவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்கப்பாகிட்ட போனைக் குடு" என்றாள்.

பின்னறைக்குக் கொண்டுபோனேன். "அம்மா" என்று சொல்லி நீட்டினேன். அப்பா உடனே வாங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றபிறகுதான் வாங்கினார்.