மூடிய கடைக்கு ஒரு சலுகை

6-6-1972
ஆற்றோரக் குடிசைகளில் கிளம்பிய வாந்திபேதி சைதாப்பேட்டை மார்க்கெட் வரை வந்துவிட்டது. சாராயக் கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். எங்கள் லைசென்ஸை இந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். கலால் ஆபீசுக்குப் போய் வந்தான் பொன்ராஜ் - என் மைத்துனன், கடையில் பங்குதாரன். நோய் அடங்கியபின் புதுப்பித்தால் போதுமாம், அபராதம் இல்லையாம். நடுவில் திறந்தால் மட்டும் லைசென்ஸ் ரத்து.
சர்க்கார் சும்மா சலுகை கொடுக்குமா?

8-6-1972
நானே போய்க் கேட்டேன். குமாஸ்தாவும் அதையேதான் சொன்னான், வார்த்தை பிசகாமல். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களோ?

12-6-1972
பொன்ராஜ் வீட்டுக்கு வருவதே இல்லை. கடைக் கொல்லையில் புகை வருகிறது என்கிறார்கள். திருட்டுத்தனமாக விற்கிறானா? என் மனைவி சுந்தரவல்லியிடம் சொன்னேன். "எந்தம்பியையா சொல்லுதீய?" என்றாள்.

15-6-1972
எங்கள் கடையில் கிளாஸ் கழுவும் வேலம்மாவை மார்க்கெட்டில் மடக்கிக் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் நைனா" என்று நிற்காமல் போய்விட்டாள். இவளும் கூட்டா?

17-6-1972
பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். பெஞ்சுகளில் ஆட்கள் கிடந்தார்கள். குடிக்க வந்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். வேலம்மாவின் புருஷன் துரைராஜ் கண் குழிந்து படுத்திருந்தான். அவள் உப்புக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பொன்ராஜ் வாளி கழுவிக்கொண்டிருந்தான்.
ஏன் மறைத்தாய் என்றேன்.
"சொன்னா வேண்டாம்பீய, அத்தான்."
ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

18-6-1972
துரைராஜ் விடியற்காலையில் போய்விட்டான்.

20-6-1972
கலால் இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்கள். யார்? அடுத்த தெருவில் சாராயக் கடை வைத்திருக்கும் அய்யாதுரையா? என்னோடு சிரித்துப் பேசுகிறவர்தான்!
கடையைத் திறந்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பொன்ராஜ் என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொன்னேன்.
"திறந்தோம் சார். என்ன வித்தோம்னு உள்ள வந்து பாருங்க."
வாசலிலேயே நின்றார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். இதை நம்பலாமா?

3-7-1972
தூக்கமே இல்லை.

9-8-1972
நம்ப முடியவில்லை - லைசென்ஸ் புதுப்பித்தாகிவிட்டது. அபராதமும் இல்லை. இன்று கடை திறந்தோம். ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் அய்யாதுரை கடைக்குப் போகிறார்கள்.
கழுவ கிளாஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் வேலம்மா. "அவரு பட்த்த பெஞ்சில எவன் நைனா குந்திக்கினு குடிப்பான்?" என்றாள்.
என்னாலும் அதில் உட்கார முடியவில்லை.

2-9-1972
லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வடபழனி டிப்போ பக்கம் சாப்பாட்டுக் கடைக்கு இடம் பிடித்திருக்கிறான் பொன்ராஜ். சமையலுக்கு வேலம்மா வருகிறாள். இடம் எப்படி என்று சுந்தரவல்லி கேட்டாள். நான் பார்க்கவில்லை, அவன் பார்த்துவிட்டான் என்றேன்.