தொட்டியில் உறைந்த கலக்கி

மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. நீ நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டாகிவிட்டது.

போன மாதம் நம் சிலிக்கா ஜெல் பட்டறையில் பெரிய தொட்டி முழுக்க ஜெல் கட்டியாகி, கலக்கி நட்ட கம்பம் மாதிரி நின்றுபோனதே, அன்று போனில் என்னாச்சுப்பா என்று கேட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தக் கேள்வியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் உன் அக்கா. தப்பு என்னுதுதான் என்று ஒரே வார்த்தை சொன்னாள். பத்து ஆட்கள் முன்னால், உனக்கு இனி தொட்டிப் பக்கம் வேலையில்லை, செருப்புப் பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒட்டப் போ என்றேன். அன்றே போய் ஒட்ட உட்கார்ந்தாள். நேற்று ஆசிட் அறையில் சோதனைத் தாள் டப்பாவுக்கு அடியில் அவளுக்கு நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஜெல்லுக்குள் மணியோடு மணி ஒட்டி, கொத்தோடு கொத்து ஒட்டி, கிளைக்குள் கிளையாக, எந்த மூலையைப் பெரிதாக்கினாலும் முழு மரமும் தெரிகிற மாதிரி. நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். கீழே உன் கையெழுத்தில், சிலிக்கேட்டில் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுக்கா, கிளை நல்லா விரியும், ஈரம் கூடுதலாப் பிடிக்கும், அப்பாகிட்ட சொல்லாதே, அவருக்குப் புரியாது என்று இருக்கிறது.

புரியாதாம். கிளைகள் கைகோர்த்துத் தொட்டியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவரைத் தொட்ட கணம் தண்ணீர் கட்டியாகிறது என்பது, பெயர் தெரியாமலே என் கைக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அதனால்தான் ஆசிட்டுக்குள் சிலிக்கேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுகிறோம். ஆசிட் தூக்கலாக இருக்கும்வரை உறைய நேரமெடுக்கும், தட்டுகளில் வார்த்துவிடலாம். தலைகீழாகச் சொட்டவிட்டால் இரண்டும் சமமாகிற இடத்தில் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். உன் காலேஜ் ஆய்வகக் குவளையில் பிடித்தால் கழுவிக் கவிழ்ப்பாய். இங்கே நான்கு பேர் மூன்று நாள் கடப்பாரையோடு தொட்டிக்குள் இறங்கினார்கள். தொட்டி போகட்டும். உனக்காக அவள் வாயை மூடினாள், நீ யாருக்காக மூடினாய்? இன்று காலை அதே பத்துப் பேர் முன்னால், அவசரப்பட்டது நான்தான், திரும்ப வா என்று அவளிடம் சொன்னேன். நீங்க சொல்லிட்டீங்க, தம்பி சொல்லட்டும் என்று பொட்டலம் ஒட்டவே போய்விட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள், பட்டறைக்குப் போன் போடு, ஸ்பீக்கரில் வைப்பேன். மறந்துவிடாதே. அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, என் கோபத்துக்கும் உன் சளிக்கும் சம்பந்தமில்லை. ஆசீர்வாதத்தை இந்த முறை நான் எழுதவில்லை. அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
எதுவும் புரியாத உன் அப்பா