அம்மா முதலில் சொல்லும் குறை

ஜூன் 3, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம்.

இன்று மாமா ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். எனக்காம். அம்மாவின் துணிப்பொம்மைகள் இந்த மாதமும் விற்காவிட்டால், அம்மா வெளியூர்த் தையல் கம்பெனிக்கு, நான் விடுதிக்கு. "பொம்மை தச்சு யாரு பொழச்சிருக்கா? உன் மக நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அம்மா குனிந்தபடி பொம்மைக்குக் காது தைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

நூலக மாடியில், கைவேலை செய்கிறவர்களுக்கு வியாபாரம் சொல்லித்தரும் வகுப்பு. அம்மாவுக்குத் துணையாகப் போனேன். ஒருவர் விற்க வேண்டும், மற்றவர் வாங்க வந்தவர்போல் பேச வேண்டும். கூடை பின்னுகிறவர் அம்மாவின் பொம்மையைத் தொட்டதுதான் தாமதம், "அந்தக் காது கொஞ்சம் கோணலா போச்சுங்க" என்றாள் அம்மா.

வகுப்பு எடுக்கும் மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "குறைய அவங்க கண்டுபிடிக்கட்டுமே. நீங்க ஏன் முந்திக்கிறீங்க?"

"முன்னாடியே சொல்லிட்டா நிம்மதி மேடம்" என்றார் கூடைக்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் இதே வியாதி.

அடுத்த சனிக்கிழமை ஒரு கடைக்கார அம்மா வந்து, பிடித்ததைத் தன் கடைக்கு எடுத்துக்கொள்வாராம்.

ஜூன் 10

வீட்டில் நான் கடைக்காரியாக நடித்தேன். "மூக்கு சப்பையா இருக்கு" என்கிறாள் அம்மா. குறை சொல்லாதே என்றால் ஊமையாகிவிடுகிறாள். என்ன செய்வேன்?

ஜூன் 12

பள்ளியில் பெற்றோர் கூட்டம். "இவ கணக்குல சரியான மக்குங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா உட்கார்ந்தாள். "ஆமா, கவனமே இல்ல" என்றார் மிஸ். அவ்வளவுதான். "கவனமில்லன்னு சொல்லாதீங்க. நான் தைக்கிற வெளிச்சத்துலயே உக்காந்து படிக்கிற புள்ள..." நிறுத்தவே இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. செய்தால் அம்மா அடிப்பாளோ?

ஜூன் 14, சனி

கடைக்கார அம்மா நீலக் கவுன் பொம்மையை எடுத்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திரும்ப வைக்கப் போனார். சொல்லிட்டேன் — "இது மூஞ்சி நல்லாவே இல்ல. அழுமூஞ்சி."

அம்மா பார்த்த பார்வை! தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அழுமூஞ்சி இல்லடி. அழுது முடிச்ச மூஞ்சி. அழுற புள்ள கையில சிரிக்கிற பொம்மையக் குடுத்தா எரிச்சல்தான் வரும். இது கூடவே உக்காந்திருக்கும். கழுத்தக் கட்டிக்கத்தான் கைய நீளமா வச்சேன்."

கடைக்கார அம்மா அந்தக் கைகளைத் தன் கழுத்தில் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

ஜூன் 18

பள்ளி விட்டு வந்தால் கட்டிலடியில் பெட்டி இல்லை. என் துணியெல்லாம் அடுக்கிட்டாங்களா?

தையல் அறையில் திறந்து கிடந்தது. விளிம்பு வரை பஞ்சு. மாமாதான் தரையில் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தார், மீசையெல்லாம் பஞ்சு. "என்ன பாக்குற? கடைக்காரம்மா கேட்ட பொம்மைக்கெல்லாம் பஞ்சு வைக்க எடம் வேணாமா? பொட்டி சும்மாதான கெடந்துச்சு" என்றார்.

அன்று நான் சொன்னதைப் பற்றி அம்மா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கோபம் போயிருக்குமா? இல்லை —

மிஷின் சத்தம் நின்றுவிட்டது. கதவைத் தட்டுகிறாள்.

"முழிச்சிட்டுதான இருக்க? வா, இந்த மூஞ்சியப் பாத்து ஒரு குறை சொல்லு —"