ஸ்பேமில் கிடந்த தேதி

மார்ச் 4, செவ்வாய்

அனுப்பினேன். இதை முதலில் எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

நேற்று ஒரு தையல்காரருக்குக் கண்புரை அறுவை இருந்தது. வரவில்லை. இன்று மகளோடு வந்து நின்று, தேதியே சொல்லவில்லையே என்கிறார். பார்வை இருக்கிற ஒரே கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோத்து இரண்டு மாதமாயிற்றாம். எங்கள் கண் மருத்துவமனையில் தேதி சொல்வது மெயிலில்தான், அனுப்புவது நான்தான். ஆகவே குற்றவாளியும் நான்தான். மேலாளரே ஒரு விளக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்: ‘மெயில் அனுப்பத் தவறிவிட்டேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மாதக் கடைசிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

பதினோரு வருஷம். ஒரு தேதி விட்டதில்லை. போட மாட்டேன்.

மார்ச் 5

வீட்டுக்காரர் சொல்கிறார்: “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு நிம்மதியா இரேன்.” யாருக்கு நிம்மதி என்று கேட்டேன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மார்ச் 6

தையல்காரரின் ஃபோனோடு மகளை வரச் சொல்லி, ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டியைத் திறக்க வைத்தேன். கிடந்தது. பிப்ரவரி 17, காலை 10.12, என் மெயில். மேலே லாட்டரிப் பரிசு. கீழே எங்கள் மேலாளர், முப்பத்திரண்டு பல்லோடு. நோயாளிகளின் பிறந்தநாளுக்குத் தன் படம் போட்டு வாழ்த்து அனுப்புவது அவர் கொண்டுவந்த வழக்கம். அதனால்தான் அலுவலகத்தில் அவருக்குப் ‘புன்னகை’ என்று பெயர்.

ஃபோனைப் புன்னகையிடமே காட்டினேன்.

“அனுப்புறது பெரிசில்லம்மா. போய்ச் சேரணும். சேரலைன்னா அதுவும் உங்க தப்புதான்.”

கடிதத்தில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்: ‘சரிவர அனுப்பத் தவறிவிட்டேன்.’

தையல்காரருக்கு ஏப்ரல் 7 ஒதுக்கியிருக்கிறார்கள். அவருக்கு நான் ஃபோன் செய்துவிடலாம். வாரத்துக்கு முந்நூறு பேர் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் தேதி குப்பையில் கிடக்கிறது? ஏப்ரல் 7 வாரத்துக்கான கட்டு மெயில் மார்ச் 24 அன்று போக வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்கிறாள் என்று புன்னகை நினைத்துக்கொள்ளட்டும். கூடம் கோணல்தான். நிமிர்த்திக் காட்டுகிறேன்.

மார்ச் 10

மூன்று நாள் படித்ததில் பிடிபட்டது இதுதான். ஒரு நிறுவனத்தின் பெயரில் எந்தெந்தக் கணினிகள் மெயில் அனுப்பலாம் என்று அந்த நிறுவனமே ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். எஸ்.பி.எஃப். என்கிறார்கள். மெயிலை வாங்கும் இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். நாங்கள் போன வருஷம் புது மென்பொருளுக்கு மாறினோம். பட்டியலில் இருப்பதோ பழைய கணினி மட்டும்! ஒரு வருஷமாக என் மெயில்களில் பல ஊர் பேர் தெரியாதவை மாதிரி வாசலில் நின்றிருக்கின்றன.

எங்கள் இணையதளம் செய்து கொடுத்தவரிடம் போய், அந்தப் பட்டியலைத் திருத்தக் கடவுச்சொல் கேட்டேன். “அதுல கை வைக்காதீங்க மேடம், எல்லாம் படுத்துரும்” என்றார். கொடுக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒன்றே கால் மணி நேரம்.

மார்ச் 12

பழைய வரியைத் தொடப் பயம். அதற்குக் கீழே புது மென்பொருளுக்கு ஒரு தனி வரி சேர்த்தேன்.

மார்ச் 13

எல்லாமே ஸ்பேம். ஐந்து பேருக்குச் சோதனை மெயில், ஐந்தும் ஸ்பேம். வரி சேர்க்கும் முன் இதே ஐந்து பேருக்கு அனுப்பியதில் இரண்டாவது தப்பித்தது. இணையதளக்காரர் “சொன்னேன்ல” என்றார். கழிப்பறையில் போய் அழுதேன். எனக்கெதுக்கு இந்த வேலை? தெரியாததுல எதுக்கு மூக்கை நுழைச்சேன்? பேசாம கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிரலாமா —

இல்லை. அழுதாச்சு. போதும்.

மார்ச் 14

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் சேர்த்த தனி வரி இரண்டாவது பட்டியலாகிவிட்டது. ஒரு பெயருக்கு ஒரே பட்டியல்தான் இருக்கலாமாம். இரண்டு இருந்தால் இரண்டையுமே மதிக்க மாட்டார்களாம். இரண்டையும் ஒரே வரியாக்கினேன். கூடவே டி.கே.ஐ.எம். என்ற முத்திரை. இது எங்கள் மெயில்தான், வழியில் யாரும் மாற்றவில்லை என்று ஒவ்வொரு மெயிலும் அதைச் சுமந்து போகும். கடைசியாக டிமார்க் என்று இன்னொரு வரி. பட்டியலில் இல்லாத மெயிலை என்ன செய்வது என்று அதில் சொல்லலாம், இப்போதைக்கு ‘விட்டுவிடு’ என்று வைத்தேன். எங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று வாங்குகிறவர்கள் தினமும் எனக்கு அறிக்கை தருவார்கள்.

சோதனை: ஐந்துக்கு ஐந்து, நேராக உள்பெட்டி.

மார்ச் 19

அறிக்கைகள் வருகின்றன. நான்கு நாளில் நான் அனுப்பியவை 318, எல்லாம் தேறிவிட்டன. ஆனால் எங்கள் பெயரிலேயே வேறு எங்கிருந்தோ 412 போயிருக்கின்றன. பட்டியலிலும் இல்லை, முத்திரையும் இல்லை. யாரடா நீ என்று தேடினேன்.

பிறந்தநாள் வாழ்த்து! புன்னகை யாரிடமும் சொல்லாமல் அதை வெளியே ஒரு வாழ்த்து கம்பெனியிடம் விட்டிருக்கிறார். அந்தப் பல்லைப் பார்த்து எரிச்சலானவர்கள் ஸ்பேம் என்று அழுத்த அழுத்த, எங்கள் பெயரே நாறிப்போயிருக்கிறது. சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி பயந்துவிட்டாள்.

மார்ச் 20

வாராந்தரக் கூட்டத்தில் அறிக்கையை, மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டரம்மா முன்னால் வைத்தேன். வாழ்த்தும் பட்டியலுக்குள் வந்து முத்திரையோடு போகட்டும், இல்லையென்றால் நிற்கட்டும் என்றேன். புன்னகை, “நோயாளிங்களோட உறவு வளர்க்கத்தான்…” என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா என்னிடம் திரும்பினார்.

“பட்டியல்ல இல்லாததை என்ன பண்ணலாம்?”

“வாசல்லயே திருப்பி அனுப்பச் சொல்லலாம் டாக்டர்.”

“சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டேன். டிமார்க் வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். புன்னகைக்கும் என் கடிதத்தில் ஒரு சொல்தானே சேர்க்கத் தெரிந்தது.

மார்ச் 24

ஏப்ரல் 7 வாரத்துக் கட்டு போயிற்று. தையல்காரருக்கு ஏப்ரல் 7, காலை 8 மணி. வேண்டுமென்றே ஃபோன் செய்யவில்லை. சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். முதல் மெயிலாக வந்து நிற்கிறதாம்.

மார்ச் 31

மாதக் கடைசி. கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கோடு காலியாக. யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதே பதில்தான்.

ஏப்ரல் 7

வந்தார். ஏழரைக்கே வந்துவிட்டார்.

ஏப்ரல் 15

மறு பரிசோதனைத் தேதியை நேற்று தையல்காரருக்கு அனுப்பியிருந்தேன். எங்கள் மெயிலுக்கு யாரும் பதில் போடுவதில்லை. இன்று காலை ஒன்று வந்திருந்தது, புள்ளி விட்டுப்போன எழுத்துகளோடு:

‘மெயில் வந்துச்சும்மா. வெள்ளிக்கிழமை வர்றேன். மக வேலைக்குப் போயிருக்கா. நானே படிச்சேன்.’