புதன் முதல் பனி

நவம்பர் 19, செவ்வாய்

அன்பு மகள் பெகிமாய்க்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தின்கிறோம், தூங்குகிறோம், உடம்புக்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளை உலானும் வயிற்றுப் பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்கவேண்டும். அம்மா வரவில்லை என்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். ஏன் என்று சொல்ல அதில் இடமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். சன்னல் பாதிவரை பனி ஏறிவிட்டது, கொட்டிலுக்குப் போக நேற்று வெட்டிய வழி இன்று இல்லை, இரண்டு அறையும் ஒரு அடுப்புமாக நானும் அவளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கிடக்கிறோம், மூச்சு முட்டுகிறது. பேச்சு கிடையாது. டீ மட்டும் ஊற்றி வைக்கிறாள், அதுவும் கிண்ணத்தின் விளிம்புவரை. விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. எங்கே போவது?

நடந்தது இதுதான். போன வாரம் திங்கட்கிழமை வழக்கம்போல வார வானிலைத் தாளை எழுதி ரொட்டிக்கடைக் கதவில் ஒட்டினேன். ஞாயிறு முழுக்க மேற்கே நுனி வளைந்த கீற்று மேகம், திங்கள் காலை சூரியனைச் சுற்றி வட்டம், காற்றழுத்தமானியும் இறங்கிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக மேகம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன எழுதுவேன், புதன் முதல் பனி, மலைக்கணவாய்ப் பயணம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அம்மா வியாழக்கிழமை பஸ்ஸுக்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறாள் என்று தெரிந்துதான் எழுதினேன். போன தடவை அவள் வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது, நீ தனியாகக் கிடந்தாய். இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவேன் என்று வேனிற்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். டிரைவர் மாம்பெத்தைத்தான் உனக்குத் தெரியுமே, பனியில் மாட்டிக் கால்விரல் இரண்டை இழந்ததிலிருந்து என் தாளைப் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டான். நான் எழுதி ஒட்டினால் அடுத்த திங்கள்வரை இந்த ஊருக்கு அதுதான் வானம்.

புதன் வந்தது, பனி வரவில்லை. அழுத்தமானி ஏறிவிட்டது, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் காயவைத்த தயிர் உருண்டைகள் மாதிரி சின்னச் சின்னத் திரள் மேகம், கைக்குழந்தைகூடப் பயப்படாது. ரொட்டி வரிசையில் நின்ற தையல்காரி, "என்ன பெரியவரே, உங்க பனி வழியில எங்கயாவது டீ குடிக்க உக்காந்துடுச்சா?" என்று கேட்டாள். வியாழன் காலையும் அதே வெயில். அம்மா மூட்டையோடு வாசலில் நின்று, "போய் அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வாய்யா கிழவா, தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் மீசையா உதிர்ந்துடும்? எம்பொண்ணு அங்க தனியா இருக்கா" என்றாள். போனேன். கடை முன்னால் பன்னிரண்டு பேர் பெட்டி படுக்கையோடு நின்றார்கள். மாம்பெத் இஞ்சினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, "நீங்க கிழிச்சா எடுக்கறேன் பெரியவரே, கிழிக்கலைன்னா எங்கப்பனே வந்து சொன்னாலும் எடுக்கமாட்டேன்" என்றான். தாளின் மூலையைப் பிடித்தேன். மேற்கே பார்த்தேன், சிகரத்துக்கு மேல் மறுபடியும் கீற்று மேகம். பனி வரும் என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளி மத்தியானம் அடுக்கு மேகம் மலைத்தோள்வரை இறங்கியது, மூன்று மணிக்குப் பனி பிடித்தது, இன்னும் நிற்கவில்லை. கணவாய் இனி ஏப்ரலில்தான். சிரித்தவர்களே வந்து என் கையைப் பிடித்து, "பதினாலு உயிரைக் காப்பாத்தினீங்க" என்றார்கள். ஊர்த்தலைவர் ஆட்டுத்தொடை அனுப்பினார், அம்மா அதைச் சமைத்து என் முன்னால் வைத்தாள், தான் தொடவில்லை. மாவு கொண்டுவந்த சங்கிலிச் சக்கர டிராக்டர் நாளை திரும்புகிறது. தபால் பையை ஏற்றுவார்கள், ஆளை ஏற்றமாட்டார்கள். அந்த ஓட்டுநரிடம் போய், "என்னையும் பையில போட்டு முத்திரை குத்திடுப்பா, எடை அதிகமில்ல" என்று கேட்டிருக்கிறாள். அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தானாம்.

ஊர் சொல்வதை நீ நம்பாதே. வியாழக்கிழமை நான் பார்த்த மேகம் ரொம்ப உயரத்தில் இருந்தது, அழுத்தமானி அன்று காலை இறங்கவே ஆரம்பிக்கவில்லை. இன்னும் முழுசாக ஒரு நாள் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பஸ் கணவாயைத் தாண்ட ஐந்து மணி நேரம் போதும். தெரிந்தேதான் கையை எடுத்தேன். அடியில் என் கையெழுத்து இருந்தது, பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தப்பாக எழுதிவிட்டேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது கண்ணே. அம்மா கேட்டால் கடிதத்தைப் படித்துக் காட்டுவேன், இந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிடுவேன்.

வலி வரட்டும் என்று காத்திருக்காதே, டிசம்பர் பத்தாம் தேதியே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள். கல்லில் உட்காராதே, இடுப்புக்குக் கம்பளித் துணி கட்டு, வாளி தூக்காதே. உலானை வெளியூர் வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். தாயும் பிள்ளையுமாக நீங்கள் நல்லபடி பிழைத்து நூறு குளிர்காலம் பார்க்கவேண்டும். மறக்காமல் பதில் போடு. ஆனால் நான் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம், மன்னித்துவிட்டேன் என்றுகூட எழுதாதே. உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரிப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாதிபால்தி