அப்பா பட்டி பார்த்த சுவர்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எழுந்தால் உட்கார்ந்தால் எனக்கு அந்த நினைப்புதான். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாலேயே அடக்கிவிடுகிறார். அதனால்தான் அவர் வெளியே போன நேரம் பார்த்து அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது பொய். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குத்தான் ஆகிவிட்டது.

பக்கத்து மனையில் பழைய கிடங்கை இடித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, அங்கே பெரிய கட்டடம் வருகிறது. மேலே எத்தனை மாடியோ அது அவர்கள் பாடு, கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தோண்டுகிறார்கள் பார், எட்டிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. முதலில் நம் மதிலை ஒட்டி இரும்புத் தகடுகளை அடித்து இறக்கினார்கள், அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும், சரி, நாலு நாள் சத்தம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அதற்கப்புறம் ராப்பகலாக மோட்டார் வைத்து ஊற்றுத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கூடத்துச் சுவரில் முதல் கீறல் வந்தது, தலைமுடி கனம்தான் இருந்தது. பிறகு உன் அறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது, அப்பா இழைத்துவிட்டார், மறுபடியும் சிக்கியது, மறுபடியும் இழைத்தார், இப்போது கதவில் பாதிதான் மிச்சம். அடுப்படியில் வெங்காயம் கைதவறி விழுந்தால் நான் தேடுவதே இல்லை, எல்லாம் பள்ளத்துப் பக்கத்து மூலைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அங்கே வேலை பார்க்கிற இன்ஜினியர் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினேன். உன் வயதுதான் இருக்கும், தலையில் அந்த மஞ்சள் தொப்பியோடு கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தாள், கீறல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம், "பள்ளம் தோண்டினா பக்கத்து மண்ணு அந்தப் பக்கமா கொஞ்சம் நகரத்தாம்மா செய்யும், தண்ணிய எடுக்க எடுக்க அமுங்கவும் செய்யும். வீடு மொத்தமா ஒரே அளவுல இறங்கினாக்கூடப் பரவாயில்ல, உங்க வீடு ஒரு பக்கம் மட்டும் இறங்குது" என்றாள். அப்படியானால் தோண்டுவதை நிறுத்தச் சொல்லேன் என்று கேட்டேன். பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம், அடித்தளம் போட்டு மேலே வந்தால்தான் மண் நிற்கும் என்கிறாள். அதாவது நம் வீடு நிற்க வேண்டுமென்றால் அவர்கள் இன்னும் தோண்டியாக வேண்டுமாம். இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவளே தன் கையால் கீறல்களின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிவிட்டுப் போனாள், "இதத் தொடாதீங்கம்மா, சுவரு நகர்ந்தா கண்ணாடி உடையும், நகராட்சி ஆபீஸ்லேர்ந்து பார்க்க வருவாங்க, அவங்களுக்கு இதுதான் சாட்சி, அப்பதான் கம்பெனிக்காரங்க செலவுல வீட்டுக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுவாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

கண்ணாடிகள் உடைந்தன, எல்லாமே உடைந்தன. ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் நீ ஒரு நாள் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா, குட்டி புது ஃப்ராக் போட்டுக்கொண்டு ஆடிக் காட்டினாளே, அன்றைக்கு. "அப்பாவுக்குப் பின்னாடி என்னம்மா கோடு கோடா இருக்கு, வீட்ல ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாய். உன் அப்பா சிரித்துக்கொண்டே ஒட்டடைடா பாப்பா, உங்கம்மா எங்கே ஒழுங்காக வீடு கூட்டுகிறாள் என்று பழியைத் தூக்கி என்மேல் போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் நான் ரேஷன் வாங்கிவிட்டுத் திரும்பி வருகிறேன், மனுஷன் பழைய பெயிண்ட் கறை சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடிச் சில்லையெல்லாம் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, கீறலையெல்லாம் அடைத்துச் சுவர் முழுக்கப் பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்! நான் கத்தினேன். "நடந்ததை வாயால சொன்னா ஆபீஸ்காரங்க நம்பமாட்டாங்களா, புள்ள அவ்வளவு தூரத்துல உக்காந்து பயந்துக்கிட்டுக் கிடக்கணுமா" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆயுசு முழுக்க ஊரார் சுவரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்த கை, நம் சுவரில் மட்டும் கோணலாகவா போகும்? தேய்த்து, இரண்டு தடவை இளம்பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டார். ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், வீடு புதுசு போல இருக்கிறதே என்றார்கள், விரிசல் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இன்ஜினியர் பெண் எங்கள் பக்கம் பேசித்தான் பார்த்தாள், எடுபடவில்லை. இப்போது அதே இடத்தில் என் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருக்கிறது. ஆபீஸில் போய்க் கேட்டால் பட்டி சரியில்லாமல் வெடித்திருக்கும் என்கிறார்கள். அந்தச் சொல்தான் உன் அப்பாவை உட்கார வைத்துவிட்டது, வீட்டைவிட அது. நீ கேட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று தயவுசெய்து மனசில் போட்டுக்கொள்ளாதே, மகள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்வதுதான் நல்லது என்று அந்தப் பெண்ணே தனியாக வந்து சொல்லிவிட்டாள். உன் சித்தி வீட்டில் பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே போகிறோம். நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே, நீ வந்து நின்றால் மண் நிற்கப்போவதில்லை, வேலையை விட்டுவிட்டு வந்து எங்களோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் முடியும். குட்டியைக் குளிரில் வெளியே விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, போனவாரம் குரலே சோர்ந்திருந்தது.

என்னால் வேறென்ன செய்ய முடியும், எந்தக் கஷ்டமும் உங்களை அண்டாமல் நீங்கள் மூவரும் நூறு வயது நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அப்பாவின் ஆசியும் உண்டு, அவருக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது அவர் எங்கே போயிருக்கிறார் தெரியுமா, மிச்சமிருந்த இளம்பச்சைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு சுவரை மட்டும் நம் கூடத்துச் சுவர் போலவே அடித்து, அதன்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேமரா சரியாகிவிட்டது என்று உன்னைக் கூப்பிடப் போகிறார். கூப்பிட்டால் எதுவும் கேட்காதே பாப்பா. நம்ம வீட்டுச் சுவர் பளிச்சென்று இருக்கிறதப்பா என்று மட்டும் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா